சர்க்கரை இறங்கியது, கொழுப்பு ஏறியது: கேரள எல்லைத் தமிழர்களின் புதிய கவலை

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: 2025 ஜூலையில் தொடங்கிய மழைக்காலக் கூட்டத்தொடரின்போது நாடாளுமன்ற உணவகத்தில் புதிய பட்டியல் ஒன்று வைக்கப்பட்டது. ராகி, சோளம் போன்ற சிறுதானியங்களால் ஆன பலகாரங்கள், அவற்றுக்கு எதிரே எத்தனை கலோரி என்ற கணக்கு. உறுப்பினர்களின் உடல்நலம் கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடு என்றார்கள். அமளியால் இரு அவைகளும் நாள்தோறும் ஒத்திவைக்கப்பட்டுக் கொண்டிருந்ததால், அந்தப் பட்டியலை ஆற அமரப் படிப்பதற்கு எங்களுக்கு நிறையவே அவகாசம் கிடைத்தது.

அப்படிப் படித்துக் கொண்டிருந்த ஒரு பிற்பகலில்தான் வண்ணாமடையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் என் மூத்த சகோதரியின் கணவர். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். வயது 58.

"மாப்பிள்ளை, சர்க்கரை எறங்கிருச்சுங்க. ஆனா கொழுப்பு ஏறிப்போச்சு. ஒண்ண அமுக்குனா இன்னொண்ணு தலையைத் தூக்குது. ஒரு டாக்டர் சோத்துக்கே திரும்பிப் போங்கறாரு. நம்ம பசங்க, இந்தக் கொழுப்பு ஏறுனா ஒண்ணும் ஆகாதுங்கறானுக. தில்லியில பெரிய டாக்டர்களை எல்லாம் பாக்கறீங்களே, எதை நம்பறதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

"பரிசோதனைச் சீட்டை அனுப்புங்க மச்சான்" என்றேன். சற்று நேரத்தில் இரண்டு சீட்டுகள் வந்து சேர்ந்தன. ஏழு மாத இடைவெளியில் எடுக்கப்பட்டவை. மூன்று மாத சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 8.4லிருந்து 6.3ஆகக் குறைந்திருந்தது. டிரைகிளிசரைடு 240லிருந்து 128க்கு வந்திருந்தது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 36லிருந்து 44ஆக உயர்ந்திருந்தது. எடை 9 கிலோ குறைவு. இவ்வளவும் நல்ல செய்தி. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். மட்டும் 118லிருந்து 186க்குத் தாவியிருந்தது.

இதற்கு முன் அவர் பாலக்காடன் மட்டை அரிசியை மூன்று வேளையும் உண்டவர். பின்னர் அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றை அறவே விட்டுவிட்டார். காலையில் தேங்காய் எண்ணெயில் பொரித்த மூன்று முட்டை, மதியம் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆட்டுக்கறி, மாலையில் வெண்ணெய் போட்ட காப்பி, இரவில் பனீர் அல்லது மீன். பேலியோ என்ற பெயரில் சுமார் பத்தாண்டுகளாகத் தமிழர்களிடையே பரவிவரும் மாவுச்சத்து குறைந்த உணவுமுறைதான் இது. நியாண்டர் செல்வன் என்ற புனைபெயரில் எழுதிவரும் தமிழர் இதைத் தமிழில் பரவலாக்கினார். மலையாளத்திலும் இதே காலத்தில் இதே போன்ற அலை ஒன்று எழுந்தது. வேலந்தாவளம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் ஆகிய எல்லையூர்களில் வசிப்போருக்கு இரு மொழிகளிலும் அறிவுரை வந்து குவிந்தது. வீட்டுக்கொரு சர்க்கரை நோயாளி இருக்கும்போது அது செவிடன் காதில் ஊதிய சங்காகப் போய்விடவில்லை.

புள்ளிவிவரம் கூறுவது என்ன?

என் உறவினரின் கவலையை ஒரு தனிமனிதரின் கவலை என்று ஒதுக்கிவிட இயலாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் டாக்டர் வி.மோகன் நிறுவிய நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இணைந்து 2008 முதல் 2020 வரை நாடெங்கிலும் 1,13,043 பேரிடம் ஆய்வு நடத்தின. 2023ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவுகளின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு உள்ளது. கேரளத்தில் அது 25.5 சதவீதம். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு அட்டவணையும் உண்டு. இரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு கூடுதலாக உள்ளோர் அகில இந்திய அளவில் 24 சதவீதம். கேரளத்தில் 50.3 சதவீதம். நாட்டிலேயே முதலிடம். கடைசி இடத்திலுள்ள ஜார்க்கண்டில் 4.6 சதவீதம் மட்டுமே. கல்வி, சராசரி ஆயுள், பிரசவகால மரணக் குறைப்பு என எல்லாவற்றிலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இதில் முதலிடமே பெற்றிருக்கிறது.

ஆகவே, அரிசியை விட்டு கொழுப்புக்கு மாறும் ஒரு கேரளவாசி, ஏற்கெனவே இரண்டு பேரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கும் ஒரு சமூகத்தில் இருந்துகொண்டு மாறுகிறார். பீகாரில் ஒருவர் மாறுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு.

ஏன் ஏறுகிறது?

மாவுச்சத்தைக் குறைத்தால் டிரைகிளிசரைடு குறைவதில் வியப்பில்லை. தேவைக்கு மிஞ்சிய சோற்றையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. வரத்து நின்றால் உற்பத்தியும் நிற்கிறது. எல்.டி.எல். கதை வேறு. இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரலின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுத்துக் கொள்கின்றன. இதைக் கண்டறிந்ததற்காகவே அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவருக்கும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், கறிக்கொழுப்பு ஆகியவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு இந்த ஏற்பிகளின் வேலையை மந்தப்படுத்துகிறது. பிடிப்பார் இல்லாத துகள்கள் இரத்தத்திலேயே சுற்றுகின்றன. அவற்றில் ஒரு பகுதி நாளடைவில் தமனியின் சுவருக்குள் புகுந்து படிகிறது.

இங்கே முட்டையின் மீது வீண்பழி விழுவதையும் சொல்லியாக வேண்டும். உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே பெரும்பாலோருக்கு எல்.டி.எல்.லை உயர்த்துகிறது. நாளொன்றுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் உண்ணக் கூடாது என்று பல்லாண்டுகள் வலியுறுத்தப்பட்டு வந்த வரம்பை அமெரிக்காவின் உணவு வழிகாட்டிக் குழு 2015இல் கைவிட்டது. என் உறவினரின் தட்டில் முதல் குற்றவாளி முட்டை அல்ல. அது பொரிந்த எண்ணெயும் அதன் பக்கத்தில் இருந்த தேங்காய்ப்பாலும்தான் என்று எண்ண இடமிருக்கிறது.

எல்லோருக்கும் இவ்வாறு ஏறுவதில்லை என்பதும் உண்மை. மாவுச்சத்து குறைந்த உணவு குறித்த 41 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, பருமனானவர்களுக்கு எல்.டி.எல். பெரிதாக மாறுவதில்லை என்றும், இயல்பான எடை உள்ளவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்குமே அது உயர்கிறது என்றும் கூறுகிறது. ஊரில் பருமனான ஒருவர் இந்த உணவால் பலன் அடைந்ததைக் கண்டு, ஒல்லியான சர்க்கரை நோயாளி ஒருவரும் அதையே பின்பற்றுவது எவ்வளவு சரி என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது. நம் ஊர்ப்பக்கம் ஒல்லியான நீரிழிவு நோயாளிகள் குறைவல்ல.

"ஏறினால் ஒன்றும் ஆகாது" என்ற வாதத்துக்கு வருவோம். நல்ல கொழுப்பு உயர்ந்து, டிரைகிளிசரைடு குறைந்துவிட்டால், எல்.டி.எல். எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை என்பது இந்த உணவுமுறையின் தீவிர ஆதரவாளர்கள் சிலரது கூற்று. முதல் இரண்டும் குறைந்தபட்சம் நல்ல அறிகுறிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை மூன்றாவதை ரத்து செய்யும் என்பதற்குச் சான்று இல்லை. பிறவியிலேயே எல்.டி.எல். மிகுந்தவர்களுக்கு இளவயதில் மாரடைப்பு வருவதும், மரபுவழியாகவே அது குறைந்திருப்பவர்களுக்கு இருதய நோய் அரிதாக இருப்பதும், மருந்தால் அதைக் குறைத்தால் மாரடைப்பு குறைவதும் பலமுறை நிறுவப்பட்டவை. இவற்றையெல்லாம் ஆராய்ந்த ஐரோப்பிய தமனித்தடிப்பு ஆய்வுச் சங்கம், எல்.டி.எல். என்பது நோயின் அடையாளம் மட்டுமல்ல, காரணமும்கூட என்று 2017இல் அறிவித்தது.

2024 ஜூலையில் தில்லியில் இந்திய இருதயவியல் சங்கம் முதன்முறையாக இந்தியர்களுக்கெனக் கொழுப்பு வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டது. சாதாரண மக்களுக்கு எல்.டி.எல். 100க்குக் கீழே இருக்க வேண்டும்; நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 70க்குக் கீழே என்பது அதன் வரையறை. 186 எங்கே, 70 எங்கே? நீரிழிவு இல்லாத, வயது குறைந்த ஒருவரிடம் எல்.டி.எல். சற்று கூடினால் பொறுத்திருந்து பார்க்கலாம் என மருத்துவர் கூறக்கூடும். என் உறவினரின் வழக்கு அதுவல்ல.

அதற்காக, "சோற்றுக்கே திரும்பிப் போங்கள்" என்ற முதல் மருத்துவரின் தீர்ப்பும் சரியாகிவிடாது. போனால் சர்க்கரையும் திரும்பி வரும். கொட்டாரக்கரையில் பிறந்து கனடாவில் பணியாற்றும் புகழ்பெற்ற இருதயநோய் நிபுணர் டாக்டர் சலீம் யூசுப்பின் குழு, 18 நாடுகளில் 1,35,335 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவுகள் உலகெங்கும் விவாதத்தைக் கிளப்பின. மாவுச்சத்தை மிக அதிகமாக உண்போரிடையே மரணம் அதிகம் என்பது அதன் சாரம். அதிக மாவுச்சத்து என்று அங்கு குறிப்பிடப்பட்டோர் சராசரியாக 77 சதவீதக் கலோரியை அதிலிருந்தே பெற்றவர்கள். இதற்கு எழுந்த மறுப்புகளில் ஒன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 77 சதவீதம் மாவுச்சத்து உண்பவர் யார்? வேறெதுவும் வாங்க வசதியில்லாதவர். அவரைக் கொன்றது சோறா, வறுமையா என்று எப்படிப் பிரித்தறிவது?

தேங்காய்க்கு வந்த சோதனை:

கேரளத்தில் தேங்காய் எண்ணெயைக் குறை சொல்வது எளிதல்ல. அது சமையல் பொருள் மட்டுமல்ல, விவசாயியின் வாழ்வாதாரம், ஆகவே அரசியலும்கூட. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கரின் மிக்கேல்ஸ், ஜெர்மனியில் ஆற்றிய உரையொன்றில் தேங்காய் எண்ணெயை நஞ்சு என்று வர்ணித்தது 2018இல் பெரும் சர்ச்சையானது. தில்லியிலுள்ள மத்திய வேளாண் அமைச்சகத்தின் தோட்டக்கலை ஆணையர், அந்தக் கருத்தைத் திரும்பப் பெறுமாறு ஹார்வர்டுக்கே கடிதம் எழுதினார். ஓர் எண்ணெய்க்காக இந்திய அரசு அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துடன் மல்லுக்கு நின்றது அபூர்வ நிகழ்வு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தேங்காய் எண்ணெய் குறித்து ஒரு தீர்ப்பு வழங்கியது. சிறிய பொட்டலங்களில் விற்கப்படும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைமுடி எண்ணெயா என்ற வரி வழக்கு அது. தலைமுடிக்கானது என்று குறிப்பிடப்படாத வரை அதைச் சமையல் எண்ணெய் என வகைப்படுத்தலாம் என நீதிபதிகள் கூறினர். அது இருதயத்துக்கு நல்லதா என்ற கேள்வி அவர்கள் முன் வரவில்லை.

அக்கேள்விக்கு ஆய்வுகள் கூறும் விடை, இரு தரப்புக்கும் முழு மகிழ்ச்சி தரக்கூடியதல்ல. கொச்சி அமிர்தா மருத்துவமனையில் இருதய நோயாளிகள் சுமார் 200 பேரில் ஒரு பாதியினருக்குத் தேங்காய் எண்ணெயிலும் மறு பாதியினருக்குச் சூரியகாந்தி எண்ணெயிலும் இரண்டாண்டுகள் சமைத்துக் கொடுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை என்று 2016இல் தெரிவிக்கப்பட்டது. அவர்கள் ஏற்கெனவே கொழுப்பு மருந்து எடுத்துவந்த நோயாளிகள். மாறாக, 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்வு, பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளிகள் உயர்த்துகிறது எனக் கண்டது. நல்ல கொழுப்பும் அதில் சற்று உயர்ந்தது. தாளிக்க ஒரு கரண்டி ஊற்றுவது வேறு, அரிசி விட்டுச் சென்ற இடத்தையெல்லாம் தேங்காயால் நிரப்புவது வேறு.

பிரதமர் நரேந்திர மோடி 2025 பிப்ரவரியில் தமது வானொலி உரையில், சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைக்குமாறு மக்களைக் கேட்டுக் கொண்டார்; இதைப் பரப்புவதற்காகப் பத்து பிரபலங்களின் பெயர்களையும் பின்னர் அறிவித்தார். நடிகர்கள் மோகன்லால், மாதவன் இருவரும் அதில் இருந்தனர். அதே ஆண்டின் கோடையில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் விலை லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. பிரதமரின் வேண்டுகோளை அந்த விலை பெருமளவில் நிறைவேற்றி வைத்திருக்கும்.

மலையின் மறுபக்கம்:

பாலக்காட்டில் தோப்பு வைத்திருப்பவர் அரிசியை விடலாமா, வேண்டாமா என்று யோசிக்கிறார். அதே கேரளத்தின் இன்னோர் எல்லை மாவட்டமான இடுக்கியில் அந்த யோசனைக்கே இடமில்லை. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழர்களை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற போராட்டம் நடந்து, அவை கேரளத்தோடே நின்றன. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அன்றைய நாள்கூலி 232 ரூபாய். பின்னர் அது 301 ரூபாயானது.

சில ஆண்டுகளுக்கு முன் மூணாறு சென்றிருந்தபோது லயம் ஒன்றில் சந்தித்த பெண்மணி கூறியது இந்தக் கட்டுரையை எழுதும்போது மீண்டும் நினைவுக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொழுந்து எடுப்பவர். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. காலையில் சர்க்கரை போட்ட கட்டன் சாயா, மதியத்துக்குத் தூக்கில் சோறு, இரவில் மீண்டும் சோறு அல்லது கப்பைக்கிழங்கு.

"சோத்தைக் கொறைங்கறாங்க சார். கொறைச்சா மலை ஏற முடியாது, கொழுந்து எடுக்க முடியாது. கொறைச்ச சோத்துக்குப் பதிலா என்னத்தைத் திங்கிறதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்றார்.

அவர் கேட்டது உணவியலில் மிக முக்கியமான கேள்வி. அதற்கான விடையை இந்திய ஆராய்ச்சியாளர்களே 2025இல் தந்திருக்கிறார்கள். மேலே குறிப்பிட்ட அதே ஆய்வுக் குழு, 1,21,077 பேரின் உணவை ஆராய்ந்தது. இந்தியர்கள் சராசரியாக 62 சதவீதக் கலோரியை மாவுச்சத்திலிருந்தும், ஏறத்தாழ 12 சதவீதத்தை மட்டுமே புரதத்திலிருந்தும் பெறுகிறார்கள் என அது கண்டது. மாவுச்சத்தில் 5 சதவீதத்தை மட்டும் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதத்தையோ பால்சார்ந்த புரதத்தையோ வைத்தால் நீரிழிவு அபாயம் குறைகிறது. அந்த இடத்தில் சிவப்பு இறைச்சியையோ கொழுப்பையோ வைத்தால் அப்பலன் தென்படவில்லை. சோற்றை ஒழிப்பதல்ல, ஒரு கரண்டி குறைத்து ஒரு கரண்டி பருப்பைக் கூட்டுவது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இதற்குப் பேலியோ அளவுக்குக் கவர்ச்சி இல்லை. ஆனால், இதில் எல்.டி.எல். தாவும் அச்சமும் இல்லை.

அந்தக் கரண்டிப் பருப்பு எங்கிருந்து வரும் என்று பார்க்கும்போதுதான் விஷயம் தில்லிக்கு வந்து சேருகிறது.

அரிசியும் அரசியலும்:

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியத்துக்கு உத்தரவாதம் தருகிறது. பருப்புக்கோ எண்ணெய்க்கோ அதில் உத்தரவாதம் இல்லை. மசோதா விவாதத்தின்போதே இக்குறை சுட்டிக்காட்டப்பட்டது. 2024 ஜனவரி முதல் ஐந்தாண்டுகளுக்கு 81.35 கோடிப் பேருக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் இலவசம் என நீட்டிக்கப்பட்ட திட்டத்திலும் தானியமே உண்டு. பட்டினியைப் போக்கியதில் இதன் பங்கைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகெட்ட செயல். எனினும், அரசு தரும் பை முழுவதும் மாவுச்சத்தாக இருக்கும்போது, ஏழையின் தட்டு 77 சதவீத மாவுச்சத்தை நோக்கிச் செல்வதைக் கண்டு ஆச்சரியப்படுவதற்கில்லை.

கேரள எம்.பி.க்கள் மக்களவையிலும் மாநிலங்களவையிலும் எழுப்பும் நிரந்தரக் கோரிக்கைகளில் அரிசி ஒதுக்கீடும் ஒன்று. கட்சி வேறுபாடின்றி எழும் குரல் அது. உணவில் தன்னிறைவு பெறாத மாநிலம் என்ற வகையில் அதன் நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால், இத்தனை ஆண்டுகளாகப் பத்திரிகையாளர் மாடத்தில் அமர்ந்து கேட்டவரையில், அரிசிக்காக எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்குகூடப் பருப்புக்காக எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் குடும்ப அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் மானிய விலையில் தரப்படுகின்றன. பாமாயிலிலும் நிறைவுற்ற கொழுப்பு கணிசமாக உண்டு என்பது இதிலுள்ள குறை. கேரளத்தில் சப்ளைகோ கடைகளில் பருப்பு, பயறு, தேங்காய் எண்ணெய் உள்பட 13 பொருள்கள் மானிய விலையில் கிடைக்க வேண்டும். அந்த மானியத்தை 2024 பிப்ரவரியில் சந்தை விலையில் 35 சதவீதம் என மாநில அரசு மாற்றியமைத்ததால் அவற்றின் விலை உயர்ந்தது. வேலந்தாவளம் சோதனைச்சாவடியின் இரு பக்கமும் ஒரே மொழி பேசும் இரு குடும்பங்கள் வசித்தால், அவற்றின் குழம்பில் எவ்வளவு பருப்பு விழும் என்பதை மருத்துவர் தீர்மானிப்பதில்லை.

பாலக்காடு மாவட்டத்திலேயே உள்ள அட்டப்பாடியை இங்கு நினைவுகூராமல் இருக்க இயலாது. கோவை மாவட்டத்தை ஒட்டிய அந்த மலைப்பகுதியில் இருளர், முதுகர், குறும்பர் இன மக்கள் ஒரு காலத்தில் ராகியும் சாமையும் தினையும் துவரையும் விளைவித்து உண்டவர்கள். நிலம் கைமாறியது, ரேஷன் அரிசி வந்தது. 2013இல் அங்கு நிகழ்ந்த தொடர் பச்சிளங்குழந்தை மரணங்கள் நாடு முழுவதையும் உலுக்கின. 2017இல் கேரள அரசு அங்கு சிறுதானிய கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. மலைவாசிகளின் களத்திலிருந்து காணாமல் போன ராகி, கலோரிக் கணக்குடன் நாடாளுமன்ற உணவகத்தில் வந்து அமர்ந்திருப்பது காலத்தின் கோலம்.

யார் பரிசோதிப்பது?

தட்டில் செய்யும் மாற்றம் இரத்தத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கும் வழி வேண்டும். 30 வயதைக் கடந்த அனைவரையும் பரிசோதிக்கும் மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூவகைப் புற்றுநோய் ஆகியவை இடம்பெற்றுள்ளன. கொலஸ்ட்ரால் இடம்பெறவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யப்பட வேண்டிய பரிசோதனைகளின் பட்டியலில் அது இருக்கிறது. ஆனால், கேட்டால்தான் செய்வார்கள்; கேட்பதற்கு அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரைக்காக உணவை மாற்றிக் கொள்ளும் ஒருவர், சர்க்கரை குறைந்ததைக் கண்டு மகிழ்ந்து போய்விடுவார். எல்.டி.எல். வலிக்காது, தலைசுற்ற வைக்காது. என் உறவினருக்கும்கூட கோவையில் தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்று அறிவித்த சலுகைத் தொகுப்பில் தற்செயலாகவே அது தெரியவந்தது.

மொழியும் ஒரு தடைதான். அரசின் விழிப்புணர்வு ஏடுகள் இப்பகுதிகளில் பெரும்பாலும் மலையாளத்திலேயே கண்ணில் படுகின்றன. மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அவர்கள் மொழியிலும் அரசுத் தகவல் தரப்பட வேண்டும் என்ற கோரிக்கை பள்ளிகள், விண்ணப்பப் படிவங்கள் தொடர்பாகப் பலமுறை எழுந்துள்ளது. மருந்துச் சீட்டும் உணவு அறிவுரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படாதது ஏன் என்று தெரியவில்லை. தாய்மொழியில் அரசு பேசாத இடத்தில் கைபேசி பேசுகிறது. "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் குரலுக்கு அங்கே போட்டி இல்லை.

வண்ணாமடைக்காரரின் கதை முடியவில்லை. தில்லியில் எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர், தொலைபேசியில் தீர்ப்பளிக்க மறுத்து, கோவையிலேயே நல்ல மருத்துவரை நேரில் பார்க்கச் சொன்னார். அந்தக் கோவை மருத்துவர் இரண்டு தரப்பையும் ஏற்கவில்லை. தைராய்டு குறைபாடு இருந்தாலும் எல்.டி.எல். ஏறும் என்பதால் முதலில் அதைப் பரிசோதித்தார். குறை ஒன்றும் இல்லை. சோறு ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் இருக்கட்டும். தேங்காய்ப்பால், வெண்ணெய்க்காப்பி இரண்டும் வேண்டாம். ஆட்டுக்கறி மாதம் இரு முறை போதும். கடலை எண்ணெயை அளவாக ஊற்றி, பயறு, பருப்பு, மீன், கீரையைக் கூட்டுங்கள் என்றார். கூடவே ஸ்டேட்டின் மாத்திரை ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை என்றதும் அவர் தயங்கினார். "ஆயுசுக்கும் முழுங்கணுமாம் மாப்பிள்ளை. ஒண்ண விடறதுக்குத்தானுங்க இவ்வளவும் பண்ணுனேன்" என்றார். அந்தத் தயக்கத்தைப் போக்க வேறெதுவும் தோன்றாமல், அந்த மருந்து பிறந்த கதையை அவருக்குச் சொன்னேன். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கடைசியில் அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையிலிருந்துதான் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார். 2024இல் தமது 90ஆவது வயதில் காலமானார்.

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "அரிசி விடமாட்டேங்குதுங்களே" என்று சிரித்தார். மாத்திரையை அன்றிரவே தொடங்கிவிட்டதாக அக்கா பின்னர் தெரிவித்தார். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் தேங்காய் வெட்டும் வந்துவிடும் என்பதால், போகும் தேதியை இன்னும் முடிவு செய்யவில்லையாம்.